அண்ணையின் கார்ட்டில் வேலை செய்த காலம்

இதில் ஒருவருடைய பெயரையும் எழுதுவதாக இல்லை. பெயரால் பாரிசில் நான் பட்ட பாடு போதும். வேலைத்தலத்தில் என்னை ஒரு பெயரால் கூப்பிட்டார்கள். அது என் பெயர் அல்ல. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் எனக்கு ஆள் இல்லை. அறையில் கூட இருக்கிற பெடியள் 'அண்ணை' என்பார்கள். கீழே கடைக்காரர் 'தம்பி' என்பார். அம்மா இருந்தவரைக்கும் தொலைபேசியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் போன பிறகு என் பெயர் பழைய பாஸ்போர்ட் ஒன்றில் மட்டும் மிஞ்சியிருந்தது. அதுவும் காலாவதியாகிப் பெட்டிக்குள் கிடந்தது.

லா சப்பலில் நான் இருக்கிற அறையின் யன்னல் உயரத்தில்தான் இரண்டாம் இலக்க மெட்ரோ ஓடுகிறது. கீழே இறங்கினால் தமிழ் கேட்காமல் பத்து அடி வைக்க முடியாது. அப்படியான இடத்தில் தனிமை எங்கே என்று கேட்பீர்கள். இங்கே யாரைப் புதிதாகச் சந்தித்தாலும் ஊரைக் கேட்பார்கள், அடுத்ததாக, "தம்பிக்குக் கார்ட் இருக்கோ?" என்பார்கள். கார்ட் என்றால் இந்த நாட்டில் இருக்க விடுகிற விசா அட்டை. இல்லை என்று சொன்னால் மூன்றாவது கேள்வி வராது. கலியாணம் பேசி வந்தவர்களும் அந்த இரண்டாவது கேள்வியோடு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். பிறகு பேசி வருவதும் நின்றுபோனது. நானும் தாடையில் நரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடும் அப்படியே போனது. நீதிபதி என் கதையை நம்பவில்லை. நான் சொன்ன விதத்தில் எனக்கே அது நம்பும்படியாக இருக்கவில்லை என்பது வேறு கதை. திரும்பிப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் போகவில்லை. அதற்குப் பிறகு என்னைத் தாங்கியவர் அண்ணை.

அண்ணை எனக்குச் சொந்தக்காரர் இல்லை. ஊரில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. அவ்வளவுதான் உறவு. நான் பாரிசில் வந்து இறங்கியபோது பாரிசை ஒட்டிய திரான்சியில் இருந்த அவருடைய வீட்டில்தான் முதல் சோறு தின்றேன். அக்கா, அவருடைய மனைவி, என் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இரண்டாம் முறையும் சோறு போட்டார். அவர்களுக்கு ஒரே ஒரு மகள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்களிடம் இங்கே ஒரு வழக்கம் உண்டு. விசா இல்லாதவர் விசா உள்ள ஒருவரின் கார்ட்டைக் காட்டி வேலைக்குச் சேருவார். சம்பளச் சிட்டை கார்ட்காரரின் பெயரில் அவருடைய வீட்டுக்குப் போகும். சம்பளம் அவருடைய வங்கிக்குப் போகும். அதை எடுத்து அவர் வேலை செய்தவரிடம் கொடுப்பார். பலர் அதில் ஒரு பங்கை வெட்டிக்கொள்வார்கள். சிலர் பெரும் பங்கை வெட்டிக்கொள்வார்கள். அண்ணை ஒன்றும் வெட்டவில்லை. அவர் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கையில் காசு. எழுத்தில் ஒன்றும் இல்லை. அவருக்குக் கார்ட் இருந்தது, பதிவான வேலை இல்லை. நான் பதிவான வேலைக்குப் போகத் தயார், கார்ட் இல்லை.

"நீர் என்ரை கார்ட்டில போய் வேலை செய்யும்," என்றார். "சம்பளம் உமக்கு. பென்சன் எனக்கு. ரெண்டு பேருக்கும் நட்டமில்லை."

"பிடிபட்டால், அண்ணை?"

"அவங்களுக்கு நீரும் நானும் ஒரே முகம்தான்."

கார்ட்டில் இருந்த படத்தில் அண்ணைக்குத் தடித்த மீசை. என்னைவிட ஒரு சுற்றுப் பெருத்தவர். வடக்கு ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிரெஞ்சு உணவகம் ஒன்றில் கோப்பை கழுவ ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி கார்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, தொட்டிக்குள் மலைபோலக் குவிந்து கிடந்த கோப்பைகளைப் பார்த்தார். கார்ட்டை என்னிடம் திருப்பித் தந்து, உடனே தொடங்க முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அண்ணையின் பெயர்.

கோப்பை கழுவினவன் பிறகு மரக்கறி வெட்டினேன். பிறகு அடுப்புக்கு வந்தேன். வெங்காயம் விளைகிற மண்ணில் இருந்து வந்தவனுக்கு வெங்காயம் உரிக்கப் பிரெஞ்சுக்காரத் தலைமைச் சமையல்காரர் பாடம் எடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன். வெங்காய சூப் அந்தக் கடையின் பேர்போன சாப்பாடு. வெங்காயத்தை மெல்லிய சூட்டில் அவசரப்படாமல் கிண்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவசரப்பட்டால் கசக்கும். எனக்கு வீட்டில் காத்திருக்க ஒருவரும் இல்லாதபடியால் எனக்கு அவசரம் இருக்கவில்லை. கடைசியில் அந்தச் சூப் என் பொறுப்பாகவே ஆகிவிட்டது.

குசினியில் என்னோடு மாலி நாட்டுக்காரர் ஒருவர் வேலை செய்தார். அவரும் தன் மைத்துனரின் பெயரில்தான் வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும், என்னுடையது அவருக்குத் தெரியும். நாங்கள் ஒருவரை ஒருவர் 'சகோதரம்' என்றே கூப்பிட்டுக்கொள்வோம். யாருக்கும் ஆபத்தில்லை.

அந்தக் காலத்தில்தான் குடிவரவுச் சட்டம் பற்றிய பேச்சு நாட்டைப் பிடித்து ஆட்டியது. கடையின் பாரில் இருந்த தொலைக்காட்சியில் நாள் முழுக்க அதுதான். ஒருவர், வேலை செய்கிறவர்களுக்கு விசா கொடுத்தால் அதைக் கேள்விப்பட்டு இன்னும் ஆட்கள் வருவார்கள் என்பார். மற்றவர், கொடுக்காவிட்டால் பாரிசில் பாதி உணவகங்களைப் பூட்ட வேண்டும் என்பார். மூன்றாமவர், முதலாளிமார் கூலியைக் கூட்டினால் பிரெஞ்சுக்காரரே வேலைக்கு வருவார்கள் என்பார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். கோப்பி குடிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் வாதாடுவார்கள். நான் குசினியில் இருந்து சிறிய யன்னல் வழியாகச் சூப்பை நீட்டுவேன். 'நன்றி' என்று கோப்பையைப் பார்த்துச் சொல்லி எடுத்துக்கொண்டு திரும்பவும் வாதாடப் போவார்கள்.

எங்கள் முதலாளி விசா கொடுக்க வேண்டும் என்ற கட்சி. கெட்ட மனுசன் இல்லை. அவருடைய பாட்டனார் நடுப் பிரான்சின் மலைநாட்டில் இருந்து பாரிசுக்கு வந்து, மாடி மாடியாக நிலக்கரி சுமந்து விற்றவராம். அதை அடிக்கடி சொல்லுவார். உணவக முதலாளிமாரின் கூட்டங்களுக்குப் போய் வருவார். ஒருநாள் தொலைக்காட்சிக்காரர்களைக் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

குசினிக்குள் கமராவோடு வந்தார்கள். முதலாளி என்னிடம், "பயப்படாதே, முகம் வராது, கை மட்டும்தான்," என்றார். நான் வெங்காயம் வெட்ட அவர்கள் என் கையைப் படம் பிடித்தார்கள். முதலாளி பக்கத்தில் நின்று பேசினார். "இந்த மனிதர்கள் இல்லாவிட்டால் நான் நாளைக்கே கடையைப் பூட்ட வேண்டும். வரி கட்டுகிறார்கள், காப்புறுதி கட்டுகிறார்கள். இவர் பல வருடமாக என்னோடு இருக்கிறார். என் குடும்பத்தில் ஒருவர் மாதிரி," என்றார். குடும்பத்தில் ஒருவனின் பெயர் என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தச் செய்தியை என் அறையில், இரவு வேலைக்குப் போன பெடியன் ஒருவனின் கட்டிலில் இருந்து போனில் பார்த்தேன். என் கை வந்தது. கத்தி வந்தது. வெங்காயம் வந்தது. விரலில் இருந்த சூட்டுத் தழும்புகூடத் தெரிந்தது. யாருக்காவது எடுத்துக் காட்ட வேண்டும்போல இருந்தது. 'இஞ்சை பார், என்ரை கை' என்று சொல்ல ஒருவரைத் தேடினேன். ஒருவரும் அகப்படவில்லை. மெட்ரோ ஒன்று யன்னலைக் கடந்து போனது. போனை நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

பிறகு சட்டம் வந்தது. ஆள் கிடைக்காத தொழில்களில் வேலை செய்கிறவர், முதலாளியின் கடிதம் இல்லாமலே தானாகப் போய் விசா கேட்கலாம் என்றார்கள். சமையல் வேலை அதில் இருக்கிறது என்றார்கள், இல்லை என்றார்கள், பிறகு இருக்கிறது என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்ற கதைதான். வேலை செய்ததற்குச் சம்பளச் சிட்டை காட்ட வேண்டும். அண்ணை மாதாமாதம் தந்த சிட்டை ஒரு பெட்டி நிறைய என்னிடம் உண்டு. எல்லாம் அண்ணையின் பெயரில்.

அதற்கும் வழி உண்டு என்று விசா இல்லாதவர்களுக்கு உதவுகிற சங்கம் ஒன்றில் ஒரு பெண் விளக்கினாள். 'இந்தப் பெயரில் எங்களிடம் வேலை செய்தவர் உண்மையில் இவர்தான்' என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அந்தக் கடிதம் இருந்தால் அண்ணையின் பெயரில் நான் உழைத்த வருடங்கள் என் வருடங்களாகிவிடும். முதலாளி இல்லாமலே கேட்கலாம் என்ற சட்டத்தில் எனக்கு மட்டும் முதலாளி வேண்டியிருந்தது. அதோடு, அப்படி எழுதினால் கார்ட்டைக் கொடுத்தவர் அண்ணை என்பதும் வெளியே வரும்.

திரான்சிக்குப் போய் அண்ணையிடம் சொன்னேன்.

"நான் நசியோனலித்தே போட்டிருக்கிறன், தம்பி," என்றார். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். "இப்ப இது தெரிஞ்சால் என்ரையும் போகும். அது வரட்டும். வந்த உடனை நானே உம்மடை பத்ரோனிட்டை வாறன். கொஞ்சம் பொறும்." பத்ரோன் என்றால் முதலாளி.

பொறுத்தேன். அவரிடம் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. கோபம் மட்டும் வந்தது. அதை மெட்ரோவில் கொண்டுவந்து அறையில் வைத்துப் பூட்டினேன்.

ஒருநாள் காலை வேலைக்குப் போகக் கீழே இறங்கினேன். அண்ணை மூட்டை இறக்குகிற பலசரக்குக் கடையின் கண்ணாடியில் புதிதாக ஒரு 'கண்ணீர் அஞ்சலி' ஒட்டியிருந்தது. அந்தக் கண்ணாடியில் எப்போதும் யாராவது ஒருவர் இருப்பார். நின்று பார்ப்பதில்லை. அன்றைக்குப் படம் கண்ணில் பட்டது. தடித்த மீசை. கீழே அந்தப் பெயர். குசினியில் நாள் முழுக்க என்னைக் கூப்பிடுகிற பெயர், பிறந்த இடம், வதிவிடம் திரான்சி, முந்தின நாள் மாரடைப்பால் காலமானார்.

பக்கத்தில் நின்றவர், "உங்களுக்குச் சொந்தமோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். பிறகு, "இல்லை, தெரிஞ்சவர்," என்றேன்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். வேறு யாரோ எடுத்தார்கள், அழுகைச் சத்தம் கேட்டது, வைத்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் வேலைக்குப் போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. மதியம் சரியான கூட்டம். 'சூப் இரண்டு' என்று தலைமைச் சமையல்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவார். நான் "ஓம் ஷெஃப்" என்பேன். செத்த மனுசனை அவர் கூப்பிட, நான் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். வெங்காயம் வெட்டுகிறவன் அழுதால் யாரும் கவனிப்பதில்லை என்பது அன்றைக்கு உதவியது.

கூட்டம் கலைந்த பிறகு முதலாளியிடம் போனேன். கார்ட்டின் சொந்தக்காரர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "ஆழ்ந்த அனுதாபங்கள்," என்று கை கொடுத்தார். கொடுத்த பிறகு, என் மரணத்துக்கு எனக்கே அனுதாபம் சொல்லிவிட்டோமோ என்று அவருக்கே குழம்பியிருக்க வேண்டும். கதிரையை இழுத்து இருக்கச் சொன்னார்.

"அப்படியானால் உன் பெயர் என்ன?"

சொன்னேன். பல வருடங்களுக்குப் பிறகு அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டு முறையும் வேறு வேறு விதமாக வந்தது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அண்ணைக்கான அழுகையும் அதற்குள் இருந்தது.

இறந்தவரின் பெயரில் இனி ஒருநாள்கூட வேலை செய்ய முடியாது என்று முதலாளிக்கும் விளங்கியது. அவர் நல்லபடியாகவே பேசினார். சங்கத்தில் சொன்ன கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்; நான் கேட்கிற அன்றே எழுதித் தருவதாகச் சொன்னார். தொலைக்காட்சியில் சொன்னதைத் தாளில் சொல்லத் தனக்கென்ன பயம் என்றார். வெளியே வந்தபோது மாலிக்காரர் என் தோளில் கையை வைத்தார்.

"சகோதரம், கவலையான விசயம்தான். ஆனால் உனக்கு வழி திறந்துவிட்டது. இறந்தவரை இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது," என்றார்.

அவர் சொன்னதை நான் ஏற்கெனவே யோசித்திருந்தேன்.

இறந்த எட்டாம் நாள் வீட்டில் செய்கிற எட்டுச் செலவு முடிந்த பிறகு திரான்சிக்குப் போனேன். அக்காவிடம் முறையாகச் சொல்லிவிட்டுத்தான் கடிதத்தை வாங்குவது என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் சோறு தின்றவன் சொல்லாமல் செய்யக்கூடாது. அண்ணையின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. மகள் இப்போது வளர்ந்து காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் எழுத்து வேலை பார்த்தாள். உள்ளே யாரோடோ பிரெஞ்சில் போன் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா தேத்தண்ணி தந்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல வேளை வந்தியள். உங்களைத்தான் கேக்க இருந்தனான். அவரின்ரை பென்சனில ஒரு பங்கு எனக்கு வருமாம். காப்புறுதியும் ஏதோ வருமாம். அவர் கடைசியா வேலை செய்த இடத்துக் கடிதம் கேக்கிறாங்கள். உங்கடை பத்ரோனிட்டை எடுத்துத் தருவியளோ, தம்பி? நீங்கள்தானே அங்கை நிண்டது."

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டு தொடர்ந்தார்.

"நான் கந்தோர் கூட்டித் துடைச்சுச் சேத்தது பெரிசா ஒண்டுமில்லை. முழங்காலும் ஏலாமல் போச்சு. இது வந்தால் அவளுக்குப் பாரமாய் இருக்கத் தேவையில்லை." பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னார். "அவளுக்கு ஒண்டும் தெரியாது. அப்பா பிரெஞ்சு ரெஸ்ரோரண்டில குக் எண்டுதான் பள்ளிக்கூடத்தில எழுதினவள். நாங்களும் சொல்லேல்லை. அவள் அப்பிடியே நினைக்கட்டும்."

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலாளியிடம் இரண்டு கடிதத்தையும் பற்றிச் சொன்னேன். அவர் தன் கணக்காளரோடு பேசிவிட்டு அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் பழைய தைரியம் இல்லை.

"கேள். ஒரு கடிதத்தில் அந்த மனிதர் இறக்கும்வரை இங்கே வேலை செய்தார் என்று எழுத வேண்டும். மற்றதில் அவர் இங்கே ஒருநாளும் வேலை செய்யவில்லை, எல்லாம் நீதான் என்று எழுத வேண்டும். இரண்டிலும் நான் கையெழுத்துப் போட்டால் என்னைச் சிறையில் வைப்பார்கள். ஒன்றைத் தருகிறேன். எதை என்று நீயே சொல்."

"என்னுடையதைக் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும்?"

"இந்த வருடங்கள் அவருடைய கணவரின் கணக்கில் இருந்து போய்விடும். கேள்வியும் கேட்பார்கள்."

"அவருடையதைக் கேட்டால்?"

"நீ இங்கே இருந்ததே இல்லை," என்றார். "உன் பெயரில் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். விசா இல்லாமல் சேர்ப்பது எனக்கு ஆபத்துதான், ஆனால் சூப்புக்கு ஆள் வேண்டும். சிட்டைகள் முதலில் இருந்து சேர வேண்டும். அதுவரைக்கும் இந்தச் சட்டம் இருந்தால்."

மெட்ரோவில் வந்தபோது இருதலைக்கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. எறும்புக்காவது இரண்டு பக்கமும் நெருப்பு. எனக்கு ஒரு பக்கம் அக்கா. அவரை நெருப்பு என்று சொல்ல வாய் வருமா? தொலைக்காட்சியில் இத்தனை நாள் வாதாடிய மூன்று பேரும் முதலாளியைப் பற்றிப் பேசினார்கள், அரசாங்கத்தைப் பற்றிப் பேசினார்கள், எல்லையைப் பற்றிப் பேசினார்கள். திரான்சியில் முழங்கால் ஏலாமல் இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? நானே அன்றைக்குத்தான் அறிந்தேன்.

என் உழைப்பு என்னுடையது என்று மனம் கத்தியது. அதில் பிழையில்லை. ஆனால் அண்ணையும் சும்மா இருந்து பென்சன் சேர்க்கவில்லையே. நான் வெங்காயம் கிண்டிய அத்தனை காலமும் அவர் அந்தக் கடையின் பின்பக்கத்தில் மூட்டை சுமந்தார். அதற்கு ஒரு தாளும் இல்லை. என் வருடங்களை நான் எடுத்துக்கொண்டால் அந்த மனுசன் பாரிசில் ஒன்றுமே செய்யாமல் செத்தவராகிவிடுவார். லா சப்பலில் இறங்கினேன். அஞ்சலித் தாள் இன்னும் கண்ணாடியில் இருந்தது. அதைத் தாண்டி நடந்தபோது முடிவு தெரிந்துவிட்டது. பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அறைக்குப் போய் அந்தச் சிட்டைப் பெட்டியைக் காலால் உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

அடுத்த நாள் அக்காவின் கடிதத்தைக் கேட்டேன். முதலாளி மேசைக்கு முன்னால் இருந்து எழுதத் தொடங்கினார். வழக்கமான இரண்டு வரி போதும். அவர் நிறுத்தவில்லை. எழுதி முடித்து மடித்தபோது, "இதை உன்னுடைய கடிதத்தில்தான் எழுதியிருக்க வேண்டும்," என்றார். அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரமே திரான்சிக்குக் கொண்டுபோனேன். மகள் வேலை முடிந்து வந்து மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. கடிதத்தைத் தாயிடம் இருந்து வாங்கி, பிரெஞ்சில் ஒவ்வொரு வரியாக வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"அம்மா, இது வேலைக் கடிதம் மட்டும் இல்லை. கேளுங்கோ. ஒருநாளும் பிந்தி வந்ததில்லையாம். கத்திப் பேசினதே இல்லையாம். அப்பான்ரை வெங்காய சூப்புக்காகவே திரும்பத் திரும்ப வந்த ஆட்கள் இருக்கினமாம். அவரின்ரை இடத்துக்கு இன்னொரு ஆள் கிடைக்காதாம்." மீதியைப் பிரெஞ்சிலேயே தனக்குள் வாசித்தாள்.

அக்கா நிமிரவில்லை. சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வீட்டில ஒரு முட்டைகூடப் பொரிக்கமாட்டார்," என்றாள் மகள் என்னைப் பார்த்து, அழுதுகொண்டே சிரித்தபடி. "உண்மையிலேயே அப்பிடி நல்லாச் சமைப்பாரோ, மாமா?"

"ஓம், பிள்ளை. நல்லாச் சமைப்பார்."

"நீங்களும் அங்கைதானோ வேலை?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். "நான் நாளைக்குத்தான் துவங்கிறன்."